ஊர்ப்பெரியவர் போடாத கையெழுத்து

ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற பெயரை நம்மில் சிலர் கேள்விப்பட்டிருப்போம். 1862 மே 13 அதிகாலையில், அமெரிக்காவின் தென் கரோலினாவில், தன்னை அடிமையாக வைத்திருந்தவர்களின் கப்பலையே ஓட்டிக்கொண்டு போய் எதிர்ப்படையிடம் ஒப்படைத்தவர். சினிமா போன்ற கதை. கைப்பேசியில் மூன்று நிமிடக் காணொளியாகச் சுற்றுகிறது. பார்த்தவர்கள் சிலிர்க்கிறார்கள், பகிர்கிறார்கள். அதோடு முடிந்துவிடுகிறது.

அந்த இரவில் ஸ்மால்ஸுக்கு வயது 23. இறக்கும்போது 75. இடையில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் போர்வீரராக, வீட்டுச் சொந்தக்காரராக, சட்டமன்ற உறுப்பினராக, நாடாளுமன்ற உறுப்பினராக, சுங்க அதிகாரியாக, தன் ஊரில் எல்லோரும் வணக்கம் வைக்கும் பெரியவராக வாழ்ந்தார். அதே ஆண்டுகளில் அவருடைய மக்களின் வாக்குரிமை கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்பட்டது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே காலத்தில் நடந்தன. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒருவருக்கு மரியாதை கொடுத்துக்கொண்டே அந்தச் சமூகத்தின் உரிமையைப் பறிக்க முடியும் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான வாழ்க்கை வரலாறு குறைவு. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சக்கரம் பிடிப்பவன்

ஸ்மால்ஸ் 1839 ஏப்ரல் 5 அன்று பியூஃபர்ட் என்ற சிறு துறைமுக ஊரில் பிறந்தார். தாய் லிடியா, மெக்கீ என்ற வெள்ளைக் குடும்பத்தின் வீட்டில் வேலை செய்த அடிமை. வீட்டின் பின்புறம் இருந்த குடிலில்தான் பிள்ளை பிறந்தது. 12 வயதில் அவரை சார்ல்ஸ்டன் நகரத்துக்கு வேலைக்கு அனுப்பினார்கள். விடுதியில் பரிமாறினார், தெருவிளக்கு ஏற்றினார், துறைமுகத்தில் மூட்டை தூக்கினார், பாய்மரம் தைத்தார். சம்பளம் எசமானுக்குப் போகும். வாரத்துக்குச் சில காசுகள் இவர் கையில் நிற்கும்.

விடுதி ஒன்றில் வேலை பார்த்த ஹானாவைத் திருமணம் செய்தார். அவரும் வேறொருவருக்குச் சொந்தமான அடிமை. பிறந்த பெண் குழந்தையும் சட்டப்படி ஹானாவின் எசமானின் சொத்து. மனைவியையும் மகளையும் விலைக்கு வாங்க 800 டாலர் என்று பேசி, ஸ்மால்ஸ் காசு சேர்க்கத் தொடங்கினார். தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்க வேண்டிய நிலை என்றால் என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்கலாம்.

கடல் வேலையில் அவர் கெட்டிக்காரர். சார்ல்ஸ்டன் துறைமுகத்தின் ஆழமும் மணல்திட்டும் நீரோட்டமும் அவருக்கு மனப்பாடம். பிளான்டர் என்ற நீராவிக் கப்பலைச் செலுத்தும் வேலையில் இருந்தார். அந்த வேலைக்குக் கப்பல் உலகில் 'பைலட்' என்று பெயர். ஆனால் பைலட் என்ற பட்டம் வெள்ளையருக்கு மட்டும். கறுப்பர் அதே வேலையைச் செய்தால் 'வீல்மேன்', அதாவது சக்கரம் பிடிப்பவன். வேலை ஒன்று, பெயர் இரண்டு. இது நமக்குப் புதிதல்ல. வைத்தியம் பார்த்தவரை அம்பட்டன் என்றும், தோல் பதனிடும் நுட்பம் தெரிந்தவரைச் சக்கிலி என்றும் மட்டுமே அழைத்த சமூகத்திலிருந்து வருகிறோம். அறிவை அறிவு என்று ஒப்புக்கொண்டால் கூலியும் மரியாதையும் கொடுக்க வேண்டிவரும். பெயரை மாற்றிவிட்டால் அந்தக் கடன் இல்லை.

அந்த இரவு

1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியது. அடிமைமுறையைக் காப்பாற்றிக்கொள்ளத் தென் மாநிலங்கள் தனி நாடு அறிவித்திருந்தன. முதலில் பிரிந்தது தென் கரோலினாதான். பிளான்டர் கப்பலில் பீரங்கி பொருத்தித் தென்படையின் வேலைக்கு விட்டார்கள். சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே வடபடையின் கப்பல்கள் முற்றுகையிட்டு நின்றன.

மே 12 இரவு, கப்பலின் வெள்ளை அதிகாரிகள் மூவரும் விதியை மீறிக் கரைக்குத் தூங்கப் போனார்கள். அடிமை மாலுமிகள் ஏற்கெனவே திட்டமிட்டிருந்தார்கள். பிடிபட்டால் சரணடைவதில்லை, கப்பலோடு சாவது என்றும் முடிவு செய்திருந்தார்கள். விடியலுக்கு முன் நங்கூரம் எடுத்து, வழியில் பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டார்கள். ஸ்மால்ஸ் கேப்டனின் வைக்கோல் தொப்பியை அணிந்து, கேப்டன் நிற்பது போலவே நின்றார். ஒவ்வொரு கோட்டையைக் கடக்கும்போதும் சரியான ஊதல் சைகையைக் கொடுத்தார். சம்டர் கோட்டையையும் அப்படியே கடந்தார். பீரங்கி எட்டாத தூரம் வந்ததும் தென்படையின் கொடியை இறக்கி, ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பை ஏற்றினார்கள். கப்பலில் இருந்தவர்கள் ஸ்மால்ஸோடு சேர்த்து 16 பேர். அத்தனை பேரும் அன்று காலை விடுதலையானார்கள்.

இதில் இளைஞர்கள் கவனிக்க வேண்டியது துணிச்சலை மட்டுமல்ல. இது கூட்டு வேலை. மாலுமிகளில் ஒருவர் வாய் திறந்திருந்தாலும் எல்லோரும் செத்திருப்பார்கள். இன்னொன்று, அவர்களை முட்டாள்கள் என்று நம்பியதுதான் எசமானர்களின் பலவீனம். அதிகாரிகள் கரைக்குப் போனதற்குக் காரணம் அந்த நம்பிக்கை. தொப்பியைப் பார்த்துக் கோட்டைக் காவலர்கள் ஏமாந்ததற்கும் காரணம் அதுவே. சக்கரம் பிடிப்பவன் கேப்டனாக நிற்கக்கூடும் என்ற எண்ணமே அவர்கள் மண்டையில் ஏறவில்லை.

போர்வீரர், ஆனால் பதிவேட்டில் இல்லை

ஸ்மால்ஸ் கப்பலை மட்டும் கொண்டுவரவில்லை. தென்படையின் சைகை விவரங்கள், கடலில் வெடி வைத்திருந்த இடங்கள், காலி செய்யப்பட்ட அரண்கள் பற்றிய செய்தி எல்லாம் அவரோடு வந்தன. அமெரிக்க நாடாளுமன்றம் பரிசுத்தொகை அறிவித்தது. கப்பலைக் குறைத்து மதிப்பிட்டு, ஸ்மால்ஸின் பங்காக 1,500 டாலர் கொடுத்தார்கள். இந்தக் கணக்கு மீண்டும் வரும்.

அதே ஆண்டு ஆகஸ்டில் அவர் வாஷிங்டன் போய் போர் அமைச்சர் ஸ்டான்டனைச் சந்தித்தார். கறுப்பர்களைப் படையில் சேர்க்கலாமா என்று வடக்கே இன்னும் தயங்கிக்கொண்டிருந்த நேரம். தென் கரோலினாவில் 5,000 கறுப்பின வீரர்கள் வரை சேர்த்துக்கொள்ள அனுமதிக்கும் ஆணையோடு அந்தப் பயணம் முடிந்தது. 1863 ஏப்ரல் 7 அன்று சார்ல்ஸ்டன் மீது நடந்த தாக்குதலில் கியோகுக் என்ற இரும்புக் கவசக் கப்பலைச் செலுத்தினார். அது ஏறக்குறைய 90 குண்டடி பட்டு மறுநாள் மூழ்கியது, ஸ்மால்ஸ் பிழைத்தார். அந்த ஆண்டின் இறுதியில் பிளான்டர் கடும் தாக்குதலில் சிக்கியபோது வெள்ளைக் கேப்டன் நிலக்கரி அறைக்குள் ஒளிந்துகொண்டார். ஸ்மால்ஸ் பொறுப்பெடுத்துக் கப்பலை மீட்டார். அதன்பிறகு அவரையே கேப்டனாக்கினார்கள்.

1864இல் பழுதுபார்க்கப் பிளான்டரை ஃபிலடெல்ஃபியாவுக்குக் கொண்டுபோனார். அது வடக்கே உள்ள நகரம், அடிமைமுறை இல்லாத நகரம். அங்கே டிராம் வண்டியில் உட்கார்ந்த போர்வீரர் ஸ்மால்ஸைக் கறுப்பர் என்று எழுப்பிவிட்டார்கள். நாடே பேசிய வீரருக்கே இந்த நிலையா என்று எதிர்ப்பு எழுந்தது. பென்சில்வேனியா மாநிலம் டிராம்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட்டது 1867இல். இந்த இடைவெளியைக் கவனியுங்கள். ஒருவருக்கு இழைத்த அவமானம் செய்தியாவதற்கு ஒரு நாள் போதும். அது எல்லோருக்குமான சட்டமாக மூன்று ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. போராடியவர்களில் பலருக்கு ஸ்மால்ஸைப் போன்ற பெயர் இல்லை.

அந்த நகரத்தில் இருந்த மாதங்களில்தான் ஆசிரியர் வைத்து எழுதப் படிக்கக் கற்றார். அடிமைகளுக்கு எழுத்தறிவு கொடுப்பது தென் கரோலினாவில் குற்றமாக இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

வீடும் பள்ளியும்

பியூஃபர்ட்டை வடபடை 1861 நவம்பரிலேயே பிடித்துவிட்டது. தோட்ட முதலாளிகள் ஓடிவிட்டார்கள். வரி கட்டாத அவர்களின் சொத்துகளை அரசு ஏலம் விட்டது. அந்த ஏலத்தில் ஸ்மால்ஸ் ஒரு வீடு வாங்கினார். தன் தாய் அடிமையாக வேலை செய்த, பின்புறக் குடிலில் தான் பிறந்த அதே வீடு.

போர் முடிந்ததும் பழைய உரிமையாளர் தரப்பு வழக்குப் போட்டது. ஏலமே செல்லாது என்றார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1878இல் ஸ்மால்ஸ் பக்கம் தீர்ப்பு வந்தது. இது ஒரு வீட்டின் வழக்கு மட்டுமல்ல. அதேபோன்ற ஏலத்தில் சிறு நிலம் வாங்கியிருந்த எத்தனையோ விடுதலையடைந்த குடும்பங்களின் பத்திரம் அந்தத் தீர்ப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சமி நிலத்துக்காகப் பட்டா நகலையும் பழைய பதிவேட்டையும் தேடி அலையும் நம் தோழர்களுக்கு இதன் எடை சொல்லாமலே புரியும். வீரம் கொண்டுவந்த விடுதலையை நிலைநிறுத்தியது பத்திரமும் வழக்கும்தான்.

1868இல் தென் கரோலினாவுக்குப் புதிய அரசியலமைப்பு எழுத மாநாடு கூடியது. 124 பேராளர்களில் 76 பேர் கறுப்பினத்தவர். அவர்களில் பலர் சில ஆண்டுகளுக்கு முன்வரை இன்னொருவரின் சொத்துப் பட்டியலில் இருந்தவர்கள். ஸ்மால்ஸ் பியூஃபர்ட்டின் பேராளர். எல்லாக் குழந்தைகளுக்கும் இலவச, கட்டாயப் பள்ளிக்கல்வி வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவர். 25 வயதில் எழுத்துக் கற்ற மனிதர், அதிகாரம் கைக்கு வந்ததும் முதலில் கேட்டது பள்ளி. வெள்ளை ஏழைகளின் பிள்ளைகளுக்கும் அந்த அரசியலமைப்பின் வழியாகத்தான் பொதுப்பள்ளி வந்தது. ஒடுக்கப்பட்டவர்கள் ஆட்சிக்கு வந்தால் பழிவாங்குவார்கள் என்று பயமுறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

அதன்பின் மாநிலக் கீழவை, மேலவை, 1875 முதல் வாஷிங்டன் நாடாளுமன்றம். இடையில் தோற்றும் வென்றும், மொத்தம் ஐந்து முறை நாடாளுமன்ற உறுப்பினரானார்.

ஊழல் என்ற ஆயுதம்

1876 தேர்தல் வன்முறையால் வென்ற தேர்தல். சிவப்புச் சட்டை அணிந்த வெள்ளை ஆயுதக் கும்பல்கள் கறுப்பின வாக்காளர்களை மிரட்டின. அந்த ஜூலையில் ஹாம்பர்க் என்ற ஊரில் கறுப்பின ஊர்க்காவல் படையினரைச் சிறைப்பிடித்துச் சுட்டுக் கொன்றார்கள். ஸ்மால்ஸ் நாடாளுமன்றத்தில் எழுந்து அந்தக் கொலையைப் பற்றிப் பேசினார். கொலையாளிகள் தண்டிக்கப்படவில்லை. 1877இல் தென் மாநிலங்களில் மிச்சமிருந்த கூட்டாட்சிப் பாதுகாப்பும் விலக்கப்பட்டது.

அதே 1877இல் ஸ்மால்ஸ் மீது வழக்கு வந்தது. மாநில மேலவையில் இருந்தபோது அச்சு ஒப்பந்தம் ஒன்றுக்காக 5,000 டாலர் லஞ்சம் வாங்கினார் என்று குற்றச்சாட்டு. முக்கியச் சாட்சி, தானே பணம் சுருட்டி மாட்டிக்கொண்ட ஓர் அதிகாரி. மூன்றாண்டு சிறை என்று தீர்ப்பானது. மேல்முறையீடு நடந்துகொண்டிருக்க, 1879இல் ஓர் ஏற்பாட்டின்படி ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். தேர்தல் மோசடி செய்த வெள்ளையர்கள் மீதான கூட்டாட்சி வழக்குகள் அதற்குப் பதிலாகக் கைவிடப்பட்டன. இந்த ஏற்பாட்டை நாம் புகழ வேண்டியதில்லை. ஸ்மால்ஸைத் தெய்வமாக்கும் தேவையும் நமக்கு இல்லை. ஆனால் அந்த வழக்கின் அரசியலைப் பார்க்கத் தவறக் கூடாது. கறுப்பர்கள் ஆட்சியில் பங்கேற்ற அந்தக் காலம் முழுவதையும் ஊழல் காலம் என்று முத்திரை குத்தத்தான் இத்தகைய வழக்குகள் பயன்பட்டன. அந்த முத்திரை பாடப்புத்தகங்களில் பல பத்தாண்டுகள் நீடித்தது. அதை உடைக்க 1935இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் ஒரு பெரிய புத்தகமே எழுத வேண்டியிருந்தது. அந்த டு பாய்ஸுக்குத்தான் 1946இல் அம்பேத்கர் கடிதம் எழுதினார், கறுப்பர்களின் நிலைக்கும் தீண்டத்தகாதோரின் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைச் சொல்லி.

1895: ஆறு பேர்

இனி நாம் சொல்ல வந்த இடத்துக்கு வருவோம்.

1895இல் தென் கரோலினாவில் இன்னோர் அரசியலமைப்பு மாநாடு கூடியது. நோக்கத்தை யாரும் மறைக்கவில்லை. மாநிலத்தில் கறுப்பர்கள்தான் பெரும்பான்மை. அவர்களின் வாக்கை நீக்க வேண்டும். முன்னின்று நடத்தியவர் பென் டில்மன், அப்போது அமெரிக்க செனட் உறுப்பினர். ஹாம்பர்க் கொலைக் கும்பலில் தானும் இருந்ததைப் பெருமையாக மேடையில் பேசியவர். 160 பேராளர்களில் கறுப்பர்கள் ஆறே பேர். அவர்களில் ஐந்து பேர் பியூஃபர்ட்டிலிருந்து வந்தவர்கள். 56 வயது ஸ்மால்ஸ் அதில் ஒருவர். 27 ஆண்டுகளில் 76 ஆறானது.

அமெரிக்க அரசியலமைப்பின் 15ஆவது திருத்தம் இனத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கக் கூடாது என்கிறது. அதனால் இனம் என்ற சொல்லையே தொடாமல் வேலையை முடித்தார்கள். வாக்கு வரி கட்டிய ரசீது வேண்டும். அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படிக்க வேண்டும், அல்லது படித்துக் காட்டினால் புரிந்துகொண்டு விளக்க வேண்டும். பின்னர், எழுத்தறிவு அல்லது 300 டாலர் மதிப்புள்ள சொத்து. விளக்கம் சரியா தவறா என்று முடிவு செய்பவர் வெள்ளை அதிகாரி. படிக்கத் தெரியாத வெள்ளையரின் விளக்கம் சரியாக இருக்கும். படித்த கறுப்பரின் விளக்கம் தவறாக இருக்கும். 'தகுதி' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் நாம் ஏன் உஷாராகிறோம் என்பதற்கு இதுவே விடை. தகுதியை அளக்கும் கோல் யார் கையில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஸ்மால்ஸ் அந்த அவையில் எழுந்து வாதாடினார். என் மக்களுக்குச் சிறப்புச் சலுகை எதுவும் வேண்டாம், வாழ்க்கைப் போரில் சமவாய்ப்பு கொடுங்கள் போதும் என்பது அவர் பேச்சின் சாரம். கலப்புத் திருமணத்துக்குத் தடை பற்றிய விவாதம் வந்தபோது அவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கறுப்பினப் பெண்ணோடு உறவு வைத்திருக்கும் வெள்ளையர் எந்த அரசுப் பதவிக்கும் தகுதியற்றவர். அந்த உறவில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தையின் பெயரும் சொத்தும் உரிமை. அவை அதிர்ந்தது. தூய்மை பேசிய பெரிய மனிதர்களில் எத்தனை பேருக்கு இது பொருந்தும் என்று எல்லோருக்கும் தெரியும். திருத்தம் தோற்றது. ஆனால் இனத்தூய்மை என்ற வாதம் யாருக்கு எதிராக மட்டும் ஓடுகிறது என்பது அவைக் குறிப்பில் ஏறிவிட்டது. பகலில் தீண்டாமை பார்த்து இரவில் நம் குடியிருப்புக்கு வருகிறவர்களைப் பற்றி நம் பாட்டிமார்கள் சொன்னதும் இதே விஷயம்தான்.

மாநாடு முடிந்தது. ஆவணத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ஸ்மால்ஸ் மறுத்துவிட்டார்.

மரியாதையின் கணக்கு

இந்த மறுப்பின் விலையைப் புரிந்துகொள்ள அவர் வாழ்க்கையின் மற்றொரு பக்கத்தைப் பார்க்க வேண்டும். லிங்கனின் கட்சியான குடியரசுக் கட்சி 1889இல் அவரைப் பியூஃபர்ட் துறைமுகத்தின் சுங்க அதிகாரியாக்கியது. நடுவில் சில ஆண்டுகள் தவிர 1913 வரை அந்தப் பதவியில் இருந்தார். ஊரில் நல்ல வீடு, அரசுச் சம்பளம், போர்ப் புகழ். வெள்ளையர்களும் மதித்துப் பேசினார்கள். அவர் காசு கேட்டு நிற்கவில்லை, கடன் கொடுக்கும் நிலையில் இருந்தார்.

ஆனால் அதே அரசிடம் போர்வீரராகத் தனக்குரியதைக் கேட்டபோது என்ன நடந்தது? கடற்படை ஓய்வுப் பட்டியலில் அவரைச் சேர்க்க 1883இல் மசோதா வந்தது. அவர் கடற்படையில் முறைப்படி நியமனம் பெற்ற அதிகாரி அல்ல என்ற காரணத்தில் அது விழுந்தது. கறுப்பர் என்பதால் நியமனம் கொடுக்காமல் வேலை வாங்கினார்கள். பிறகு நியமனம் இல்லை என்பதைக் காட்டி ஓய்வுரிமையை மறுத்தார்கள். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள் இருபது ஆண்டு வேலைக்குப் பிறகு கேட்கும் பதிலும் இதே அச்சுதான். 1897இல்தான், தனிச் சட்டம் ஒன்றின் மூலம், மாதம் 30 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. பிளான்டருக்கான அவருடைய பங்கை 5,000 டாலராக உயர்த்தியது 1900இல், கப்பலைக் கொண்டுவந்து 38 ஆண்டுகள் கழித்து.

தென் கரோலினாவிலிருந்து நாடாளுமன்றம் போன இன்னொரு கறுப்பினத்தவர் ஜார்ஜ் வாஷிங்டன் மர்ரே. அவரது பதவிக்காலம் 1897இல் முடிந்தது. அதற்கடுத்து அந்த மாநிலத்தின் கறுப்பின உறுப்பினர் ஒருவர் அவைக்குள் நுழைந்தது 1993இல். 96 ஆண்டுகள். ஸ்மால்ஸ் சுங்க அலுவலக நாற்காலியில் மரியாதையோடு உட்கார்ந்திருந்த காலம் அந்த 96இன் தொடக்கத்தில் வருகிறது.

அப்படியென்றால் அவர் பதவியை உதறியிருக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நம் வாசகர் வட்டங்களில் அடிக்கடி கேட்கிறோம். உதறியிருக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. அந்த நாற்காலி அவருக்கு யாரும் போட்ட பிச்சை அல்ல, உழைத்துப் பெற்றது. பார்க்க வேண்டியது வேறு. கொடுத்த மரியாதைக்கு ஈடாக அவரிடம் என்ன எதிர்பார்க்கப்பட்டது, அதை அவர் கொடுத்தாரா என்பதுதான். 1895இல் அவரிடம் எதிர்பார்க்கப்பட்டது ஒரு கையெழுத்து. கறுப்பின ஊர்ப்பெரியவரே ஒப்புக்கொண்டார் என்று காட்ட ஒரு பெயர். அவர் போடவில்லை. போடாததால் சட்டம் நிற்கவில்லை என்பது உண்மை. ஆனால் சம்மதம் என்ற முகமூடி அதற்குக் கிடைக்கவில்லை.

ஸ்மால்ஸைப் பற்றி இன்னொரு கதை உண்டு. வயதாகி நினைவு தடுமாறிய பழைய எசமானியம்மாள் ஒரு நாள் அந்த வீட்டுக்கு வந்தாராம். தன் வீடு என்றே நினைத்து உள்ளே போனவரை ஸ்மால்ஸ் தங்கவைத்துப் பராமரித்தாராம். குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை இது. அந்தக் கருணையில் நமக்குக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் வாக்குரிமைப் பேச்சைவிட இந்தக் கதையே சிலருக்கு அதிகம் பிடித்துப்போவது ஏன் என்று கேட்க வேண்டும். மன்னிக்கும் அடிமை எல்லோருக்கும் வேண்டும். கையெழுத்துப் போட மறுக்கும் குடிமகன் யாருக்கும் வேண்டாம்.

நம் பக்கத்தில் ஒருவர்

ஜோதிராவ் புலே 1873இல் வெளியிட்ட 'குலாம்கிரி' நூலை, அடிமைமுறையை ஒழித்ததற்காக அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். ஸ்மால்ஸும் அவருடைய தோழர்களும் நடத்திய அந்தப் போரின் செய்தி பூனாவுக்கு வந்து சேர்ந்திருந்தது. புலேயின் வழியில் வந்தவர்களில் ஒருவர் கோபால் பாபா வாலங்கர். மகர் சாதியில் பிறந்து ராணுவத்தில் பணியாற்றியவர். 1886இல் ஓய்வு பெற்றார். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் பெரியவராக உட்கார்ந்திருக்கலாம். 1888இல் தீண்டாமையைக் கேள்வி கேட்டு 'விட்டல் வித்வன்சக்' என்ற சிறுநூலை எழுதினார். 1890களில் மகர்களைப் படையில் சேர்ப்பதை ஆங்கிலேய அரசு நிறுத்தியபோது, அதை எதிர்த்து மனு எழுதினார். மகாட் வட்டார உள்ளாட்சி வாரியத்தில் அவரை நியமித்தபோது மேல்சாதி உறுப்பினர்கள் அவரோடு சமமாக உட்கார மறுத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, 1927இல், அதே மகாடில்தான் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அள்ளினார்.

இரண்டு போர்வீரர்களுக்கும் சீருடை மரியாதை கொடுத்தது. சீருடையைக் கழற்றிய பிறகு இருவரும் கேட்டது ஒன்றுதான். எனக்குக் கொடுத்ததை என் மக்களுக்கு ஏன் மறுக்கிறாய்?

நாம் என்ன செய்யலாம்

கிராமங்களில் வேலை செய்யும் நமக்கு ஒரு காட்சி பழக்கம். காலனியிலிருந்து ராணுவத்துக்குப் போய் வந்த பெரியவரைக் குடியரசு தினத்தன்று பள்ளிக்கு அழைத்துச் சால்வை போடுவார்கள். "எங்க ஊர்ல சாதியெல்லாம் இல்லீங்க, பாருங்க" என்று அவரையே சாட்சியாக்குவார்கள். மறுநாள் காலனிக்குச் சுடுகாட்டுப் பாதை கேட்டு மனு கொடுத்தால், அதே ஆட்கள் அதே பெரியவரிடம் வந்து, "நீங்க சொன்னா கேப்பாங்க, வாபஸ் வாங்கச் சொல்லுங்க" என்பார்கள். சால்வையின் விலை அந்த இடத்தில்தான் தெரியும்.

அந்தப் பெரியவர்களைக் கேலி செய்வது சுலபம். அதைச் செய்யாதீர்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். பணிப்பதிவேடு, பென்ஷன் புத்தகம், பட்டா, பழைய மனுக்கள் எல்லாவற்றையும் படமெடுத்துச் சேமியுங்கள். எந்தக் காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள், எதில் போட்டார்கள், எதில் போட மறுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். நம் வரலாறு வீர இரவுகளில் இருப்பதைவிட இந்தக் காகிதங்களில் அதிகம் இருக்கிறது. தனியாக நிற்கும் பெரியவருக்கு மறுப்பது கஷ்டம். பின்னால் பத்து இளைஞர்கள் நின்றால் அவ்வளவு கஷ்டமில்லை. ஸ்மால்ஸுக்குப் பக்கத்தில்கூட ஐந்து பேர் இருந்தார்கள்.

ஸ்மால்ஸ் 1915 பிப்ரவரி 23 அன்று பியூஃபர்ட்டில் இறந்தார். 2023இல் அமெரிக்கக் கடற்படை ஒரு போர்க்கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டியது. அதற்கு முன் அந்தக் கப்பல் அடிமைமுறைப் படை வென்ற ஒரு போரின் பெயரைத் தாங்கியிருந்தது. 2024இல் தென் கரோலினா சட்டமன்றம் தன் வளாகத்தில் அவருக்குச் சிலை வைக்க முடிவு செய்தது. அதே வளாகத்தில் 1940இல் வைத்த பென் டில்மன் சிலை இன்னும் நிற்கிறது. 1895இல் ஸ்மால்ஸ் கையெழுத்துப் போட மறுத்த அந்த அரசியலமைப்புதான், பல திருத்தங்களோடு, இன்றைக்கும் அந்த மாநிலத்தில் நடப்பில் இருக்கிறது.

சிலை வரட்டும், மாலை போடுவோம். மாலை போடும் நாளில் அந்த அரசியலமைப்பின் கடைசிப் பக்கத்தையும் எடுத்துக் காட்டுவோம். எந்தப் பெயர் அதில் இல்லை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.